முதல் வாய்க் கஞ்சி

"சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப முதல்ல சாப்பிடுவோம். வெறும் வயித்தோட கேஸ் பேசினா கோபம்தான் பேசும், ஆள் பேச மாட்டாங்க."

"கஞ்சிக் கடைக்காரிக்கு நீங்க சோறு வாங்கித் தரீங்களா?"

"ஜெயிச்சதும் எனக்கு ஒரு கிண்ணம் ஊத்துங்க. சரியாப் போயிடும்."

நம் பேச்சு அப்படித்தான் தொடங்கியது, வக்கீல் ஐயா. சாப்பிட்டீர்களா என்பது இங்கே யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். கீழ்க்கடையிலிருந்து எலும்பு சூப்பும் சோறும் வரவழைத்து, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். நான் கடைசி வாய் சாப்பிடும் வரை ஒரு வார்த்தைகூட வழக்கைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்கு முன்னால் போய்ப் பார்த்த இரண்டு வக்கீல்களும் உட்காருவதற்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டார்கள். அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒன்று சொன்னீர்கள். "வக்கீலும் டாக்டர் மாதிரிதாம்மா. எங்க வலிக்குதுன்னு மறைச்சா மருந்து தப்பாப் போயிடும்." நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வாக்கியத்தைத் தவிர. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சொன்னால் என்னை நானே திட்டிக்கொள்வது போல இருக்கும். திட்டிக்கொள்ள நான் வரவில்லை.

மேட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே என் கடை இருப்பதால் என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் நோயாளிகளின் வீட்டார். சிப்பிக் கஞ்சி, பூசணிக் கஞ்சி, சிவப்புப் பயறுக் கஞ்சி. யார் வந்தாலும் முதலில் "வயித்து ஆபரேஷனா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "வாயு பிரிஞ்சிடுச்சா?" வயிற்றைத் திறந்து மூடினால் குடல் தூங்கிப் போகும். வாயு பிரிந்தால்தான் அது விழித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை உள்ளே எது போனாலும் வந்த வழியே திரும்பும், திரும்பும்போது மூச்சுக்குழாயில் இறங்கும். இது இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் கெஞ்சுவார்கள்.

"ஒரே ஒரு கரண்டிதாங்க. பசியில அழுவுறாரு."

"ஒரு கரண்டிதான் ஆளைக் கொல்லும். வாயு வந்ததும் வாங்க, நானே மேல கொண்டுவந்து தரேன்."

பானையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்க, கையில் பணத்தோடு நின்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் விட்டாலும் கஞ்சிக்காரி விடமாட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நர்ஸ் செரிமை எனக்குக் கடை வழியாகத்தான் தெரியும். இரவு வேலை முடிந்து காலையில் வருவாள். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எப்போதும் பூசணிக் கஞ்சி. பாதிக் கிண்ணத்திலேயே கரண்டியைப் பிடித்தபடி தூங்கிவிடுவாள். என் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போடுவேன். கண்ணைத் திறக்காமலே, "கடையம்மா, அஞ்சே நிமிஷம்," என்பாள். எனக்கும் மான்சிக்குக்கும் பிள்ளை இல்லை. அதற்காக அவளை மகளாக நினைத்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வராத காலையில் வாசலைப் பார்ப்பேன்.

மான்சிக் என் கணவர். தீவுகளுக்குப் போகும் படகில் எஞ்சின் அறையில் வேலை. அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் கரைக்கு வந்த பிறகும் பேச மாட்டார். என்னிடம் எதையும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர். குடித்துவிட்டு யார் மேலும் கை வைத்ததில்லை. என் கஞ்சியை மட்டும் சாப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் இல்லை. "கஞ்சி நோயாளிக்கு. எனக்குச் சோறுதான்," என்பார். அதுகூடப் பரவாயில்லை. தினமும் விடிந்ததும் மீன் துறைக்குப் போய், சுனிம் என்பவளின் கடையில் முள்ளங்கிக் கீரை போட்ட விலாங்கு சூப் குடிப்பார். வேலை இல்லாத நாளிலும் அதற்காகவே போவார். அவர்களுக்குள் எதுவும் இல்லை, வக்கீல் ஐயா. நன்றாக விசாரித்திருக்கிறேன். ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன். வெறும் சூப்புக்காக ஒரு மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது?

அவருக்குக் குடலில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். ஆறு படுக்கை அறை. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவள் என்பதால் என் கழுத்தில் 'பாதுகாவலர்' என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். மூன்றாவது நாளும் வாயு பிரியவில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் அதே பேச்சு. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி வாய்த்துடுக்கானவள்.

"ஏங்க, துறைமுகத்துல இருக்கற கப்பலெல்லாம் ஊதுது. உங்க வீட்டு எஞ்சின்காரர் எப்ப ஊதுவாரு?"

"அவர் எஞ்சின் அறைதாங்க. ஹாரன் மேல் தளத்துல இருக்கு," என்றேன்.

அறையே சிரித்தது. அவர்கூடச் சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அன்று மத்தியானம் சுனிம் வந்தாள். ரப்பர் பூட்ஸோடு, மீன் வாடையோடு. கையில் ஒரு பிளாஸ்க். என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். "அக்கா, இது இப்ப குடுக்கறதுக்கு இல்ல. எனக்குத் தெரியாதா என்ன? நாளைக்கோ நாளன்னைக்கோ வாயு வந்ததும் சூடு பண்ணிக் குடுங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொல்லிட்டு வந்தாரு. முதல் வாய் என் சூப்புதானாம்." பிறகு அவரைப் பார்த்து, "என்னங்க, சொன்னீங்கள்ல?" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். பிளாஸ்க்கை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் என் கடையின் பெயர்ப் பலகை தெரியும். நான் கொஞ்ச நேரம் பலகையையும் பிளாஸ்க்கையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வாயு வந்தால் அவர் அந்த சூப்பைக் கேட்பார். நான் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டும். பிறகு குணமாகி, பழையபடி மீன் துறைக்குப் போவார். அதைக் கேட்க முடியாமல் அவர் படுத்திருக்கும் நாள் இனி வராது. முதல் வாய் என் கஞ்சியாக இருக்க வேண்டுமென்றால் அது இன்றைக்குத்தான்.

வராந்தாவின் கோடியில் வெந்நீர் பிடிக்கிற சின்ன அறை இருக்கிறது, உங்களுக்கு வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அங்கே செரிம் வந்தாள். பகல் வேலை அவளுக்கு அன்று.

"கடையம்மா, அங்கிளுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துடுச்சும்மா. நானே கேட்டேன். ரெண்டு தடவை."

அதுதான் நான் உங்களிடம் மறைத்த வாக்கியம்.

அவள் கைதட்டினாள். ஓடிப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் வேறு ஆபரேஷனில் இருந்தார். கஞ்சி தொடங்கலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுப் பார்க்க யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்த ஒரு தவறு அவர்களுடையது. அதை நான் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்தேன், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். நம் வழக்கு முழுப்பொய் இல்லை.

"ஆஸ்பத்திரிக் கஞ்சி சாயங்காலம்தான் வரும். உங்க கஞ்சியே குடுங்கம்மா, அதான் நல்லது," என்றாள் செரிம்.

கடைக்குப் போனேன். அரிசியை எள்ளெண்ணெயில் வறுத்து, சிப்பியைப் பொடியாக நறுக்கி, புதிதாக வைத்தேன். வாடிக்கையாளர்களுக்கு அவ்வளவு பொறுமையாக வைத்ததில்லை. மேலே கொண்டுவந்து படுக்கையை நிமிர்த்தினேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "உன் கஞ்சியை ஒரு வாய் குடு," என்று கேட்டார். கொடுத்தேன். கிண்ணம் காலியானது. பக்கத்துப் படுக்கைக்காரி, "கடைசியில கஞ்சிக்காரி ஜெயிச்சுட்டா," என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, புதுப்பெண் போல.

அன்றைக்கே வாந்தி எடுத்தார். அது நுரையீரலுக்குள் போனது. கீழே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாதுகாவலர்களை விடுவதில்லை. அந்த வாரமே போய்விட்டார். பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க நான்தான் மீன் துறைக்குப் போனேன். கழுவித்தான் கொடுத்தேன்.

சாவு வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நர்ஸ் எப்படிச் சாப்பிடலாம் என்று சொன்னாள்? நான் பதில் சொல்லவில்லை. அவர்களே பதிலைச் செய்துகொண்டார்கள். கறுப்பு உடையில் வந்த செரிம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடையம்மா, நீங்க சொன்னீங்கன்னுதான் நான்..." என்று தொடங்கினாள். என் நாத்தனார் பக்கத்தில் இருந்தாள். "நான் என்னம்மா சொன்னேன்?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவ்வளவு லேசாக வந்துவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வந்த பிறகு, அது பொய் என்று எனக்கே தோன்றவில்லை.

அதன் பிறகுதான் உங்களிடம் வந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். மன்னிப்பு என்றேன். "கோர்ட்டு குடுக்காத ஒரே பொருள் அதுதாம்மா," என்றீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சமாதானத்துக்கு வந்தபோது மறுத்தது நான்தான், ஞாபகம் இருக்கும். நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். என்னைக் கொள்கைக்காரி என்று உங்கள் மனைவியிடம் சொன்னதாகவும் சொன்னீர்கள். கொள்கை எதுவும் இல்லை. செரிம் தன் வாயால் 'என் தப்புதான்' என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லிவிட்டால் தப்பு அவளிடம் போய்விடும். இரண்டு இடத்தில் அது இருக்க முடியாது என்று நினைத்தேன்.

நீங்கள் அவளை விசாரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"வருஷக்கணக்கா, முன்பின் தெரியாதவங்களையே வாயு பிரியலன்னு திருப்பி அனுப்பினவங்க. சொந்தப் புருஷனுக்கு மட்டும் பொய் சொல்லிக் கஞ்சி ஊட்டுவாங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டீர்கள்.

"வேற யார் சொல்லியிருந்தாலும் நீங்க வயித்துல கருவி வச்சுப் பார்த்திருப்பீங்களா?"

"பார்த்திருப்பேன். இவங்க சொன்னதால... இவங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்."

"அன்னைக்கு எத்தனை பேர்கிட்ட இதே கேள்வியைக் கேட்டீங்க?"

"நாலஞ்சு பேர்."

"அதுல யாரோ சொன்னதை இவங்க சொன்னதா நினைச்சிருக்கலாம் இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கலாம்," என்றாள்.

வெளியே வந்து என் தோளைத் தட்டினீர்கள். அந்த ஒரு வார்த்தையில் ஜெயித்துவிட்டோம் என்றீர்கள். நீங்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் கொடுத்த பொருளை வைத்துத்தானே சமைத்தீர்கள். ஆஸ்பத்திரி பணம் கொடுத்தது. அவளை அனுப்பிவிட்டது. அந்தப் பணத்தில் கடைக்குப் புது அடுப்பு வாங்கினேன். நன்றாக எரிகிறது. நீங்களும் வந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனீர்கள்.

நேற்று செரிம் கடைக்கு வந்தாள். இன்று மான்சிக்கின் திதி. படையலில் வைக்கச் சொல்லிப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள். மீன் வடை செய்யும் இடத்தில் பாக்கெட் போடும் வேலையாம்.

"கல்யாணம்?" என்று கேட்டேன். அவளுக்கு நிச்சயம் செய்திருந்தது எனக்குத் தெரியும்.

"அவர் நல்லவர்தாம்மா. நான்தான். அவர் ஒண்ணு சொன்னா, நிஜமாவே சொன்னீங்களா, நிஜமாவே சொன்னீங்களான்னு கேட்டுட்டே இருப்பேன். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?" என்று சிரித்தாள். "வீட்டைப் பூட்டிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கறேன். பஸ்ல ஸ்டாப் பேரைச் சொன்னா பக்கத்துல இருக்கறவங்களைக் கேக்கறேன். என் காது எனக்கு வேலை செய்யலம்மா."

பூசணிக் கஞ்சி ஊற்றி வைத்தேன். சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதும்மா."

"இன்னும் ஒரு வாய்," என்றேன். நானே கரண்டியை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். என் கை அதைத் தானாகச் செய்தது. பாதி வழியில் நின்றும்விட்டது. கஞ்சி மேஜையில் சொட்டியது. அவள் அதைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கடையம்மா, நான் சண்டை போட வரல. பணம் கேட்டு வரல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு வெந்நீர் ரூம்ல, நீங்க சொன்னீங்களா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

"ஆறிடும், சாப்பிடு," என்றேன்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, இடுப்புவரை குனிந்து வணங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டியவள் திரும்பி வந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் காலையில் முதல் ஆளாக உங்கள் வாசலில் நின்றேன். எனக்கு ஒரு வக்கீல் வேண்டும். எனக்காக அல்ல, செரிமுக்காக, என் மேல் வழக்குப் போட. நீங்கள் அதற்கு நிற்க முடியாது என்கிறீர்கள். என் வக்கீலாக இருந்துவிட்டு எதிரே நிற்பது முறையில்லை என்கிறீர்கள். சரி. நல்லவராக வேறு ஒருவர் பெயரைக் கொடுங்கள். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறவராக இருந்தால் நல்லது. அவள் சாப்பிடுவதே இல்லை.

நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். இப்போது பேனாவை நிறுத்தி, எனக்கு நல்லது செய்யப் பார்க்கிறீர்கள். இவ்வளவு நடந்த பிறகும் உங்களுக்கு அந்தக் குணம் போகவில்லை. "கஞ்சி வேணும்னு அவரே வாய் திறந்து கேட்டாரு இல்லையாம்மா? பசியில இருக்கற மனுஷன் கேட்டாரு, பெண்டாட்டி மனசு தாங்கல. அதை முதல்ல போட்டுக்குவோம். பாதிச் சுமை குறையும்."

அந்த வரியைத்தான் நானும் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். தூங்கப் போகும்போது அதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்குவேன். உன் கஞ்சியை ஒரு வாய் குடு. அவர் குரலிலேயே எனக்குக் கேட்கும். எத்தனையோ வருடம் நான் கேட்க விரும்பிய குரல் அல்லவா, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வரியை அடித்துவிடுங்கள், வக்கீல் ஐயா. அவர் கஞ்சி கேட்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். நான்தான் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். மூன்று வாய் எனக்காக விழுங்கினார். நான்காவது கரண்டிக்கு உதட்டை மூடிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். எஞ்சினைப் பிடித்த கை, அன்றைக்கு அதில் பலமே இல்லை. கிண்ணம் காலியாகும்வரை நான் நிறுத்தவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதுவும் பொய். ஒன்று கேட்டார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"போதும்மா. வயிறு தாங்கல. விட்டுடு."